ஹெட்டுன்னா என்ன கண்ணு?



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நோட்டீஸ் போர்டில் அறிவிப்பு ஒட்டியவுடனே நண்பர்கள் பலர் 'நட்பு', 'அம்மா', 'இன்றைய இளைஞன்' என்று ஆளுக்கொரு தலைப்பைப் பிடித்துக்கொண்டு ஓடிவிட்டார்கள். எனக்கு மிஞ்சியது வெறும் தலைதான்! ஆமாம், இந்தக் கட்டுரை தலையைப் பற்றியது. இங்கிலீஷில் 'ஹெட்'.

'இது ஒரு சப்ஜெக்டா? எல்.கே.ஜி. குழந்தை கூடத் தலையைத் தொட்டுக் காட்டி ஹெட் என்று சொல்லுமே' என்று நீங்கள் சிரிப்பது எனக்குத் தெரிகிறது. நானும் அப்படித்தான் சிரித்துக்கொண்டிருந்தேன், என் அப்பா ஒருநாள் அந்தக் கேள்வியைக் கேட்கும் வரை.

முதலில் நம் வாயில் இந்த 'ஹெட்' படும் பாட்டைப் பாருங்கள். காலையில் காலேஜுக்குள் நுழைந்தால் எச்.ஓ.டி. அவருக்கு மேலே ஹெட் ஆபீஸ். ஒர்க்‌ஷாப்புக்குப் போனால் லேத்தில் ஒரு பக்கம் ஹெட் ஸ்டாக், மறு பக்கம் டெயில் ஸ்டாக், அதாவது தலையும் வாலும். ஆட்டோ மொபைல் லேபில் சிலிண்டர் ஹெட், அதற்குக் கீழே ஹெட் கேஸ்கட். போல்ட்டுக்கு ஒரு ஹெட், ஆணிக்கு ஒரு ஹெட். பைக்குக்கு ஹெட் லைட். கொஞ்சம் மார்க் அதிகம் வாங்கிவிட்டு நம்மோடு பேசாதவனுக்கு 'ஹெட் வெயிட்'! இந்த 'ஹெட் வெயிட்' வெள்ளைக்காரனுக்கே புரியாத இங்கிலீஷ் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? நம்முடைய தலைக்கனத்தை நாமே இங்கிலீஷாக்கிக் கொண்டது அது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பதை 'ஹெட் பாத்' என்கிறோமே, அதுவும் நம்ம ஊர்ச் சரக்குதான்.

அதையெல்லாம் விட அழகானது போலீஸ் ஸ்டேஷனில் இருக்கிறது. ஹெட் கான்ஸ்டபிளை நம் ஊர் மக்கள் 'ஏட்டு' ஆக்கி, அதற்கு மரியாதையும் சேர்த்து 'ஏட்டையா' என்று கூப்பிட்டார்கள். 'ஏட்டையா வர்றாருங்' என்று சொல்லும் பாட்டிக்கு அது இங்கிலீஷ் என்றே தெரியாது. ஆனால் அர்த்தம் தெரியும்! இந்த வித்தியாசத்தைக் கொஞ்சம் மனதில் வைத்துக் கொள்ளுங்கள், கட்டுரை முடிவில் தேவைப்படும்.

அப்பா கேட்ட கேள்வி

எங்கள் தோட்டம் தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலை தெரியும் தூரத்தில். கீழ்க்காட்டில் வாழை, மேட்டுக்காட்டில் சின்ன வெங்காயம். கிணறு கீழே, தொட்டி மேட்டில். நான் இரண்டாம் வருடம் படிக்கும்போது ஒரு மாசி மாதத்தில் பழைய மோட்டார் காயில் எரிந்து போனது. ஏற்கெனவே இரண்டு தடவை காயில் கட்டியாகிவிட்டது, இனி புதுசு வாங்கிவிடலாம் என்று அம்மா சேர்த்து வைத்திருந்த பால் பணத்தை எடுத்துக் கொண்டு அப்பாவும் நானும் டவுனுக்குப் போனோம்.

கடைக்காரர் முதலில் கேட்டார்: "எத்தனை ஹெச்.பி. வேணுங்?"

"அஞ்சுங்" என்றார் அப்பா.

"சரிங். ஹெட்டு எவ்வளவு வருங்?"

அப்பா என் முகத்தைப் பார்த்தார். பையன் மெக்கானிக்கல் படிக்கிறான் அல்லவா! "ஹெட்டுன்னா என்ன கண்ணு?" என்று மெதுவாகக் கேட்டார்.

தோழர்களே, அந்த செமஸ்டரில்தான் நான் ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பரில் 78 மார்க் வாங்கியிருந்தேன். டோட்டல் ஹெட் என்றால் பிரஷர் ஹெட், வெலாசிட்டி ஹெட், டேட்டம் ஹெட் மூன்றும் கூட்டியது என்று இங்கிலீஷில் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். கடைக்காரர் சிரித்தார். அப்பாவுக்குப் பெருமை. ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் மட்டும் வரவில்லை! 'எங்கள் கிணற்றுக்கு எவ்வளவு?' என்பது எனக்கும் தெரியவில்லை. கடைசியில் "பக்கத்துத் தோட்டத்துல போட்டிருக்கிறதையே குடுங்" என்று அப்பா சொல்ல, ஓப்பன்வெல் சப்மெர்சிபிள் ஒன்று வண்டியில் ஏறியது. தகட்டில் ஹெட் 24 மீட்டர் என்று போட்டிருந்தது. அதை நானும் படித்தேன். படித்தேன் அவ்வளவுதான்.

பக்கத்துத் தோட்டக்காரர் தண்ணீரைக் கிணற்று மேட்டு வாய்க்காலில் கொட்டி அப்படியே பாய்ச்சிக் கொள்கிறவர். எங்களுக்கு மேட்டுத் தொட்டிக்கு ஏற வேண்டும். இந்த ஒரு வித்தியாசத்தை நான் யோசிக்கவே இல்லை.

மோட்டாரை இறக்கி சுவிட்சைப் போட்டோம். கிணற்று மேட்டில் யானைத் தும்பிக்கை மாதிரி தண்ணீர் கொட்டியது. எல்லோருக்கும் சந்தோஷம். குழாயை மேட்டுத் தொட்டி லைனோடு இணைத்தோம். மோட்டார் ஓடுகிறது, சத்தம் கேட்கிறது, தொட்டியில் ஒரு சொட்டு விழவில்லை!

அடுத்த நாள் எங்கள் ஊர் மோட்டார் மெக்கானிக் அண்ணன் வந்தார். எட்டாவது வரை படித்தவர். வந்தவர் மோட்டாரைத் தொடவே இல்லை. டெலிவரி ஹோஸின் நுனியைப் பிடித்துக் கொண்டு கிணற்று மேட்டுத் தென்னை மரத்தில் ஒரு பையனை ஏறச் சொன்னார். பையன் ஏற ஏறத் தண்ணீர் மெலிந்து கொண்டே வந்தது. ஏறக்குறைய 20 அடி உயரத்தில் சுத்தமாக நின்றுவிட்டது. அண்ணன் என்னைப் பார்த்துச் சொன்னார்:

"தம்பி, பாத்துக்கங். இந்த மோட்டாரோட தலை அவ்வளவுதானுங். இதுக்கு மேல அது தலை தூக்காது. உங்க தொட்டி இன்னொரு 20 அடி மேல இருக்குது."

இரண்டு வருடமாக எனக்குப் புரியாத பாடம் இரண்டு நிமிடத்தில் புரிந்துவிட்டது. வெட்கத்தில் நான்தான் தலை தூக்க முடியாமல் நின்றேன். மோட்டாரைத் திருப்பிக் கொடுத்து மாற்றியதில் நாலாயிரம் ரூபாய் நஷ்டம். அது போகட்டும். பத்து நாள் தண்ணீர் இல்லாமல் மேட்டுக்காட்டு வெங்காயம் வாடியது. அப்பா என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் கூடப் பரவாயில்லை என்று இன்றைக்கும் தோன்றுகிறது.

தலைக்கும் தண்ணீருக்கும் என்ன சம்பந்தம்?

அதற்குப் பிறகுதான் இந்தச் சொல்லைத் தேட ஆரம்பித்தேன். உயரத்தை 'ஹைட்' என்று சொல்லிவிட்டுப் போகாமல் ஏன் 'ஹெட்' என்கிறார்கள்? இங்கிலீஷ்காரர்களுக்கு ஹெட் என்றால் தலை மட்டுமல்ல, உச்சி, ஆரம்ப இடம் என்றெல்லாம் அர்த்தம் உண்டு. அந்தக் காலத்தில் தண்ணீரை மேட்டில் தேக்கி வைத்து, அது கீழே விழும் வேகத்தில் மாவு மில் சக்கரத்தைச் சுற்றினார்கள். அப்படி உச்சியில் நிற்கும் தண்ணீருக்கு 'ஹெட்' என்று பேர். நிற்கும் தண்ணீருக்கு வந்த பேர் பிறகு அதன் உயரத்துக்கும் வந்தது.

இது நமக்குப் புதுசா? சத்தியமாக இல்லை! வாய்க்கால் பாசனம் பண்ணும் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். தண்ணீர் முதலில் பாயும் இடம் தலைமடை, கடைசியில் பாயும் இடம் கடைமடை. காவிரி பிறக்கும் இடம் தலைக்காவிரி. நம் நொய்யலில் சித்திரைச்சாவடி அணைக்கட்டில் தண்ணீர் வாய்க்காலுக்குத் திரும்பி, கிருஷ்ணாம்பதி, செல்வம்பதி, குமாரசாமி குளம் என்று கோவைக் குளங்களுக்குப் போகிறது. அந்தத் தண்ணீரை யாரும் மோட்டார் வைத்துத் தள்ளவில்லை. தலை உயரமாக இருக்கிறது, கடை தாழ்வாக இருக்கிறது, தானாகவே போகிறது. சிறுவாணித் தண்ணீரும் அப்படித்தான். மலையில் இருக்கும் உயரமே அதைக் கோவை வரைக்கும் கொண்டு வந்து சேர்க்கிறது. மலை கொடுக்கும் அந்த உயரம்தான் இயற்கை நமக்கு இலவசமாகக் கொடுத்த ஹெட்.

அதே உயரம் கரண்ட்டும் கொடுக்கும். நீலகிரியில் பைக்காரா மின் நிலையம் 1932-இல் ஓடத் தொடங்கியது. அங்கே தண்ணீர் விழும் உயரம் சுமார் 3000 அடி! அந்தக் கரண்ட் சமவெளிக்கு இறங்கி வந்த பிறகுதான் கோவை மில்களும் பட்டறைகளும் வேகம் பிடித்தன. 1937-இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் சேர்ந்து செய்த மோட்டாரைத்தான் இந்தியாவிலேயே செய்த முதல் மின்மோட்டார் என்று சொல்கிறார்கள். கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்த நம் அப்பாரு காலத்துக் கிணறுகளில் மோட்டார் இறங்கியது அதன் தொடர்ச்சிதான். மலையில் தண்ணீர் விழுந்த உயரம், நம் கிணற்றில் தண்ணீர் ஏறும் உயரமாக மாறியது என்று சொன்னால் தப்பில்லை. ஒரு தலை இறங்கி இன்னொரு தலையைத் தூக்கி விட்டது!

புத்தகத்தில் இருப்பதும் இதுதான்

1738-இல் நூல் வெளியிட்ட பெர்னௌலியின் பேரைச் சொல்லி வரும் சமன்பாட்டைப் பார்த்து நாம் எல்லோரும் பயந்திருக்கிறோம். ஆற்றலை ஜூலில் சொல்லாமல் மீட்டரில் சொல்கிறார்களே என்று குழம்பியிருக்கிறோம். விஷயம் இவ்வளவுதான்: ஒரு நியூட்டன் எடையுள்ள தண்ணீரிடம் எத்தனை ஜூல் ஆற்றல் இருக்கிறது என்று கணக்குப் போடுகிறோம். ஜூலை நியூட்டனால் வகுத்தால் மிஞ்சுவது மீட்டர். அந்த மீட்டர்தான் ஹெட். தண்ணீரிடம் இருக்கும் ஆற்றலை வைத்து அது எவ்வளவு உயரம் தலை தூக்க முடியும் என்பதே கேள்வி. மெக்கானிக் அண்ணன் தென்னை மரத்தில் காட்டியதும் இதே கணக்குத்தான்.

எங்கள் தோட்டத்துக்கு இப்போது கணக்குப் போடுவோம். கோடையில் தண்ணீர் மட்டம் கிணற்று மேட்டிலிருந்து 80 அடி கீழே. மேட்டிலிருந்து தொட்டி வாய் 40 அடி மேலே. ஆக 120 அடி. நீளமான குழாயில் தண்ணீர் உரசிக்கொண்டு போவது, எல்போ, வால்வு இவற்றில் போகும் நஷ்டத்துக்கு 20 அடி. மொத்தம் 140 அடி, சுமார் 43 மீட்டர். நாங்கள் வாங்கியதோ 24 மீட்டர்! எட்டாம் வகுப்புக் கூட்டல் கணக்கு. இதைப் போடத் தெரியாமல்தான் 78 மார்க்.

இன்னொன்றும் கவனியுங்கள். அதே 5 ஹெச்.பி. மோட்டாரில் அதிக ஹெட் வேண்டுமென்றால் தண்ணீரின் அளவு குறையும். இரண்டு மடங்கு உயரம் ஏற்ற வேண்டுமானால் ஏறக்குறையப் பாதித் தண்ணீர்தான் கிடைக்கும். இரண்டும் கேட்டால் கரண்ட் கூடும். 'பக்கத்துத் தோட்டத்துல ஏழரை போட்டிருக்காங்க, நாம பத்து போடலாம்' என்று கௌரவத்துக்கு ஹெச்.பி. கூட்டுகிறவர்கள் நம் பக்கம் அதிகம். ஹெச்.பி.யைக் கூட்டினால் மட்டும் தலை உயராது. பம்ப் அந்த உயரத்துக்குச் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும்.

கீழேயிருந்து உறிஞ்சுவதற்கோ இன்னும் கண்டிப்பான எல்லை உண்டு. காற்றழுத்தம் தாங்கும் தண்ணீர் உயரம் 10.3 மீட்டர்தான். கணக்கில் 10.3, நடைமுறையில் 6, 7 மீட்டருக்கு மேல் உறிஞ்சினால் பம்ப் திணறும். நம் பெரியவர்கள் கிணற்றுக்குள்ளே திட்டுக் கட்டி, தண்ணீர் இறங்க இறங்க மோட்டாரையும் இறக்கி இறக்கி வைத்தார்களே, அது இதற்காகத்தான். அவர்களுக்கு 'சக்‌ஷன் ஹெட்' என்ற வார்த்தை தெரியாது. விஷயம் தெரியும். நமக்கு வார்த்தை தெரியும், விஷயம் தெரியாது!

என் கருத்து

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

சிலர் சொல்வார்கள்: 'எல்லாவற்றையும் தமிழாக்கிவிட்டால் பிரச்சனை தீர்ந்துவிடும்.' நான் தமிழ் மீடியத்திலிருந்து வந்தவன். தமிழ் மேல் எனக்கும் பற்று உண்டு. ஆனாலும் கேட்கிறேன், 'டோட்டல் ஹெட்' என்பதை 'மொத்தத் தலை' என்று எழுதி மனப்பாடம் செய்தால் மட்டும் கிணற்றுக்குள் வெளிச்சம் வந்துவிடுமா? அதுவும் ஒப்பிப்புத்தான். மொழி மாறும், மண்டையில் ஏறாது.

வேறு சிலர் சொல்வார்கள்: 'அர்த்தமெல்லாம் எதுக்குடா? இன்டர்வியூவில் நாலு இங்கிலீஷ் வார்த்தை சரளமாக வந்தால் போதும், வேலை கிடைத்துவிடும்.' கிடைக்கலாம். ஆனால் பம்ப் செட்டுக்குப் பேர் போன இந்தக் கோவை மண்ணில், பவுண்டரிக்கும் அசெம்பிளி லைனுக்கும் டெஸ்டிங் பெஞ்சுக்கும் நாளைக்குப் போகப் போவது நாம்தான். 'சிடார்க்' போன்ற பரிசோதனைக் கூடங்கள் நம் ஊரிலேயே இருக்கின்றன. ஓப்பன்வெல் சப்மெர்சிபிளுக்கு ஐ.எஸ். 14220 என்று தனித் தரமே இருக்கிறது. இத்தனையும் இருந்து, தகட்டில் இருக்கும் எண்ணை வாங்குகிறவருக்கு விளக்கிச் சொல்ல ஆள் இல்லை என்றால் அந்த எண் யாருக்காக?

தமிழ்நாட்டில் 1990 முதல் விவசாய மோட்டாருக்குக் கரண்ட் இலவசம். அது உழவனுக்குக் கிடைத்த நியாயமான உதவி, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பில் வராததால் நம் தப்பு நமக்கே தெரியாமல் போகிறது. பொருந்தாத ஹெட்டில் ஓடும் மோட்டார் கரண்ட்டைக் குடித்துக்கொண்டு, தண்ணீரும் கொடுக்காமல், ஒருநாள் காயிலும் எரிந்து நிற்கிறது. அப்போது விவசாயி கம்பெனியைத் திட்டுகிறார், கம்பெனி மெக்கானிக்கைக் கை காட்டுகிறது, மெக்கானிக் வோல்டேஜைக் கை காட்டுகிறார். கிணற்றின் ஆழத்தை அளந்து பார்க்கத்தான் ஆள் இல்லை.

ஆகவே நம் மாணவர் பேரவைக்கு மூன்று வேண்டுகோள் வைக்கிறேன்.

ஒன்று: ஒவ்வொரு டிபார்ட்மென்டிலும் இப்படிப்பட்ட 50 சொற்களை எடுத்து, அவற்றின் அர்த்தத்தை நம் ஊர்ப் பேச்சில், நம் ஊர் உதாரணத்தோடு எழுதி ஒரு சின்னக் கையேடு போடுவோம். ஹெட் என்ற சொல் ஹெட்டாகவே இருக்கட்டும். பக்கத்தில் தலைமடையும் தென்னை மரமும் இருந்தால் போதும்.

இரண்டு: என்.எஸ்.எஸ். முகாமில் ரோடு கூட்டுவதோடு ஒரு நாள், கயிறும் டேப்பும் எடுத்துக் கொண்டு பத்துத் தோட்டங்களுக்குப் போவோம். நீர்மட்டம், தொட்டி உயரம், குழாய் நீளம் அளந்து, 'உங்களுக்கு இவ்வளவு ஹெட் வேணுங்க' என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்போம். காசு செலவில்லை.

மூன்று: வைவாவில் 'டிஃபைன்' என்று மட்டும் கேட்காமல் 'உன் வீட்டுக் கிணற்றுக்கு எவ்வளவு?' என்றும் கேட்கும்படி நம் ஆசிரியப் பெருமக்களைப் பணிவோடு கேட்டுக்கொள்வோம். அப்படிக் கேட்டால் முதலில் ஃபெயில் ஆகிறவன் நானாக இருந்தாலும் பரவாயில்லை!

ஏட்டையாவை ஞாபகம் இருக்கிறதா? எழுத்துத் தெரியாத பாட்டி ஒரு அந்நியச் சொல்லை எடுத்து, அர்த்தம் புரிந்துகொண்டு, தன் நாக்குக்கு ஏற்ற மாதிரி வளைத்து, தன் சொல்லாகவே ஆக்கிக்கொண்டாள். நாமோ ஸ்பெல்லிங் தப்பாமல் எழுதி, உச்சரிப்புத் தப்பாமல் சொல்லி, அதைக் கடைசிவரை அந்நியச் சொல்லாகவே வைத்திருக்கிறோம். இதில் யார் படித்தவர்?

போன மாதம் எங்கள் சித்தப்பா தோட்டத்துக்கு மோட்டார் வாங்க வேண்டியிருந்தது. கடைக்குப் போவதற்கு முந்தைய நாள் அப்பா என்னை எழுப்பி, "வா கண்ணு, கெணத்தை அளந்துட்டு வந்துரலாம்" என்றார். கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றுக்குள் விட்டது அவர். எழுதிக் கூட்டியது நான். மறுநாள் கடையில் "ஹெட்டு எவ்வளவுங்?" என்று கேட்டவுடன், என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அப்பாவே சொன்னார்:

"முப்பத்தியாறு மீட்டருங்."

சிந்திப்போம் தோழர்களே!

— இறுதியாண்டு இயந்திரவியல் மாணவன்